கோட் ரிவியூவுக்கு எந்தக் கருவி? நான்கைப் போட்டுப் பார்த்தோம்

பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. இலங்கையில் தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடியைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் இடையில் பெயர்களை மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்னத் திறமூல மென்பொருளை நாங்கள் ஏழு பேர், வேலை போக மிஞ்சிய நேரத்தில் பராமரிக்கிறோம். நாலு பேர் கொழும்பில், ஒருவர் யாழ்ப்பாணத்தில், மற்ற இருவர் லண்டனிலும் ரொறன்ரோவிலும். அவ்வப்போது பல்கலைக்கழக மாணவர்கள் வந்து ஒன்றிரண்டு திருத்தம் போட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருவர் எழுதிய கோட்டைச் சேர்த்துக்கொள்ளுமுன் இன்னொருவர் படித்துச் சரிபார்ப்பதுதான் ரிவியூ. இதுவரைக்கும் எங்கள் ரிவியூ நடந்த இடம் வட்ஸ்அப். ஒருவர் தன் கிளையின், அதாவது பிரதான கோட்டிலிருந்து பிரித்துத் தான் மாற்றிய பிரதியின், இணைப்பைக் குழுவில் போடுவார். இன்னொருவர் 101 பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அதைத் திறந்து பார்த்துப் பெருவிரலை உயர்த்துவார். அவ்வளவுதான், மெர்ஜ்: பிரதான கோட்டோடு சேர்ந்துவிடும். இரண்டு வருடம் இது பிரச்சினையில்லாமல் ஓடியது. அப்புறம் கௌரி வந்தாள்.

ஒரு மாணவர் பெயர்ப் பட்டியலில் இருநூறு வரி சேர்த்து அனுப்பியிருந்தார். அதில் 'கௌரி' என்று நாங்கள் வாசித்தது உண்மையில் 'கெளரி'. அதாவது 'கௌ' என்ற ஓரெழுத்து அல்ல. 'கெ'யும் 'ள'வும் பக்கத்தில் பக்கத்தில். பல எழுத்துருக்களில் கண்ணால் வித்தியாசம் பிடிக்க முடியாது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. எங்கள் மென்பொருளைப் பயன்படுத்திய ஒரு படிவத்தில் கௌரிகளும் கௌசல்யாக்களும் ஆங்கிலத்தில் 'கெலரி', 'கெலசல்யா' என்று வெளியே வந்தார்கள். பெருவிரலை உயர்த்தியவன் நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கூடி, ஒழுங்கான கருவி ஒன்றுக்கு மாறுவது என்று முடிவெடுத்தோம். மாறுவதில் யாருக்கும் மறுப்பில்லை. எதற்கு மாறுவது என்பதில்தான் ஆறு கிழமை போனது. கெரிட், கிட்லாப், ஃபோர்ஜேயோ, கிட்ஹப் நான்கிலும் அதே இருநூறு வரியை அதே பிழையோடு போட்டு, ரிவியூ செய்து, திருத்தி, மறுபடி அனுப்பிப் பார்த்தோம்.

மறுபடி அனுப்பிப் பார்த்ததில்தான் விஷயம் இருக்கிறது. முதல் சுற்றில் எல்லாக் கருவியும் ஒன்றுதான்: நீக்கியது சிவப்பு, சேர்த்தது பச்சை, வரியைத் தட்டினால் கருத்து எழுத ஒரு பெட்டி. இரண்டாவது சுற்றில்தான் குணம் தெரியும். நான் பத்துக் கருத்துச் சொல்கிறேன். அவர் ஏழைத் திருத்தி, இரண்டை மறுத்து, ஒன்றை மறந்துவிட்டு அனுப்புகிறார். இப்போது நான் இருநூறு வரியையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா, போன தடவைக்குப் பிறகு மாறிய பதினைந்து வரியைப் பார்த்தால் போதுமா? ரொறன்ரோ எங்களுக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. ஒரு சுற்று என்றால் எங்களுக்கு ஒரு முழு நாள். பெரிய நிறுவனத்தில் இது சின்ன எரிச்சல். எங்களைப் போன்ற திட்டத்தில் மாணவர் மூன்றாம் சுற்றுக்கு வரவேமாட்டார். அவருக்குப் பரீட்சை வந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு மிகச் சரியான பதில் வைத்திருப்பது கெரிட். பைத்தன் மொழியை உருவாக்கிய கீடோ வான் ரொசம் கூகுளில் இருந்த காலத்தில் எழுதிய ரீட்வெல்ட் என்ற கருவியிலிருந்து, அன்ட்ரொயிட் திட்டத்துக்காகக் கிளைத்து வந்தது இது. இரண்டு பெயரும் நெதர்லாந்துக் கட்டிடக் கலைஞர் கெரிட் ரீட்வெல்டினுடையவை. அவருடைய புகழ்பெற்ற சிவப்பு நீலக் கதிரையின் படத்தைப் பார்த்தால், இதில் மனுசன் உட்காருவானா என்று தோன்றும். கருவியைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். உட்கார்ந்து பழகியவர்கள் எழும்புவதில்லை என்பது வேறு கதை.

கெரிட்டில் ரிவியூவுக்கெனத் தனிக் கிளை என்ற பேச்சு இல்லை. ஒவ்வொரு கொமிட்டும், அதாவது ஒரு தடவையில் பதிந்த ஒவ்வொரு மாற்றமும், தனி ரிவியூ. கொமிட் செய்தியின் அடியில் ஒரு மாற்ற எண் தானாக ஏறும். திருத்திவிட்டு அதே எண்ணோடு மறுபடி அனுப்பினால், அது புதிதாகத் திறக்காமல் அதே மாற்றத்தின் இரண்டாவது பதிப்பாகப் போய் உட்காரும். ஒன்றாம் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அதை மட்டும் காட்டும். இடையில் பிரதான கிளையில் யாரோ செய்த வேலை உள்ளே கலந்திருந்தால் அந்த வரிகளை வேறு நிறத்தில் ஒதுக்கி வைக்கும். வாக்கு கழித்தல் 2 முதல் கூட்டல் 2 வரை: கூட்டல் 1 என்றால் 'எனக்குச் சரி, வேறொருவர் முடிவு சொல்லட்டும்', கூட்டல் 2 என்றால் சம்மதம், கழித்தல் 2 விழுந்தால், போட்டவர் எடுக்கும்வரை கதவு பூட்டு. இன்னொரு வசதியை நான் மிகவும் விரும்பினேன்: பந்து இப்போது யார் பக்கம் என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டு வைத்திருக்கும். 'நீங்கள் பார்ப்பீர்கள் என்று நான் இருந்தேன்', 'நீங்கள் திருத்துவீர்கள் என்று நானும் இருந்தேன்' என்ற வழமையான உரையாடலுக்கு இடமில்லை. ரிவியூக் கருத்துகளும் கிட் களஞ்சியத்துக்குள்ளேயே (கோட்டின் பதிப்புகளையெல்லாம் கிட் என்ற மென்பொருள் சேர்த்து வைக்கும் இடம்) சேமிக்கப்படுவதால், வீடு மாறும்போது அவையும் கூட வரும்.

அன்ட்ரொயிட், குரோமியம், கோ மொழி, லிப்ரே ஒஃபிஸ், ஓப்பன்ஸ்டக் எல்லாம் இதில்தான் வளர்ந்தன. விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கியும் ஆண்டுக்கணக்காக இங்கேதான். பிறகு ஏன் நாங்கள் எடுக்கவில்லை?

மூன்று மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தோம். கொமிட் செய்தியில் எண் ஏற்றும் சின்ன நிரலை முதலில் தங்கள் கணினியில் நிறுவ வேண்டும்; பிறகு வழமையான கிளைக்கு அல்லாமல் 'ரெஃப்ஸ் ஃபோர்' என்று தொடங்கும் ஒரு மாய முகவரிக்குத் தள்ள, அதாவது புஷ் பண்ண, வேண்டும். ஒருவர் வெற்றிகரமாகச் செய்தார். இன்னொருவர் இரவு பதினொன்றரைக்கு அழைத்தார்: "அண்ணா, நான் புஷ் பண்ணிட்டன். ஆனா அது எங்க போனதெண்டு தெரியேல்ல." மூன்றாமவர் அழைக்கவும் இல்லை. கோ மொழிக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. கிட்ஹப்பில் வரும் புல் ரிக்வெஸ்ட்டை ('என் மாற்றத்தைச் சேருங்கள்' என்ற வேண்டுகோள்) ஒரு பொட், அதாவது தானியங்கி நிரல், மூலம் கெரிட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். வாசல் ஒரு தெருவில், வீடு இன்னொரு தெருவில். அந்தப் பொட்டைப் பராமரிக்க அவர்களிடம் ஆள் இருக்கிறது. எங்களிடம் இல்லை.

கிட்லாப் நடுவழி. மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுக்கு (புல் ரிக்வெஸ்ட்டுக்கு இங்கே அதுதான் பெயர்) ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் ஒரு பதிப்பாக எண்ணி வைக்கிறது. எந்த இரண்டு பதிப்பையும் ஒப்பிடலாம். கெரிட் அளவுக்குச் சுத்தமில்லை, ஆனால் போதும். லினக்ஸ் திரைச்சூழல்களான க்னோம் 2018இலும் கேடிஈ 2020இலும் சொந்தமாக நிறுவிய கிட்லாப்புக்குப் போனார்கள். டெபியன் லினக்ஸின் கோட் தளமான சல்சாவும் கிட்லாப்தான். சொந்த சேர்வரும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு இரண்டு இடத்தில் முள் குத்தியது. குறைந்தது இத்தனை பேர் சம்மதிக்காமல் மெர்ஜ் ஆகக் கூடாது என்ற கட்டாயம் இலவசப் பதிப்பில் இல்லை. சம்மதம் போடலாம், போடாமலும் மெர்ஜ் செய்யலாம். கௌரிக்குப் பிறகு எங்களுக்கு வேண்டியதே அந்தக் கட்டாயம்தான். இரண்டாவது, இலவசக் கணினி நேரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டுவோரின் தொல்லை தாங்காமல் 2021இல் கிட்லாப் தன் தளத்தில் புதிய இலவசக் கணக்குகளிடம், சோதனைகளை ஓட்ட வங்கி அட்டை விபரம் கேட்கத் தொடங்கியது. காசு எடுப்பதில்லை, சரிபார்க்க மட்டும்தான். ஆனால் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்த அட்டை இல்லாத இரண்டாம் வருட மாணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சொந்த சேர்வர் பற்றி எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. 2022இன் தொடக்கத்தில், வேறொரு திட்டத்துக்காக, வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியில் கிட்டீ என்ற கோட் தள மென்பொருளை நிறுவி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. மடிக்கணினியின் பற்றரி இரண்டு மணித்தியாலம் நின்றாலே பெரிய காரியம். சரி, வெளிநாட்டில் வாடகைக்கு எடுப்போம் என்று போனால், மாதம் பத்து டொலர் சேர்வர் மார்ச் தொடக்கத்தில் இரண்டாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் மூவாயிரத்து அறுநூறைத் தாண்டிவிட்டது. என் அட்டையும் ஒரு நாள் வேலை செய்யவில்லை. இப்போது நிலைமை அப்படியில்லை, மின்சாரமும் இருக்கிறது. இருந்தாலும் ஏழு பேர் திட்டத்தின் உயிர் ஒருவருடைய அலுமாரியிலோ ஒருவருடைய அட்டையிலோ தொங்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

மென்பொருளாகப் பார்த்தால் அந்தக் கிட்டீயில் குறையில்லை. கோக்ஸ் என்ற திட்டத்திலிருந்து 2016இல் பிரிந்தது கிட்டீ. அதன் பெயரும் உரிமையும் ஒரு கம்பனியின் கைக்குப் போனதை விரும்பாதவர்கள் 2022 கடைசியில் பிரித்தெடுத்தது ஃபோர்ஜேயோ. சேர்வர் வேண்டாம் என்றால் பெர்லினில் பதிவான, இலாப நோக்கற்ற கோட்பெர்க் சங்கம் ஃபோர்ஜேயோவைத்தான் திறமூலத் திட்டங்களுக்கு இலவசமாக ஓட்டுகிறது. மனசாட்சிப்படி நான் வாக்களித்தது இதற்குத்தான். கட்டாயச் சம்மதம் காசில்லாமல் கிடைக்கிறது. சின்ன இயந்திரத்திலும் ஓடும். கிட்லாப்பைப் போல நினைவகத்தை விழுங்குவதில்லை. எங்களுக்கென்றே செய்தது போல இன்னொன்றும் உண்டு: கோப்பில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளோ ஒன்றைப்போல் இன்னொன்று தோன்றும் எழுத்துகளோ இருந்தால் மேலே எச்சரிக்கை போட்டு, கேட்டால் அவற்றைக் குறியெண்ணாக விரித்துக் காட்டும்.

ஆசையோடு கெளரியைப் போட்டுப் பார்த்தோம். பிடிக்கவில்லை. பிடிக்கவும் முடியாது: 'கெ'யும் 'ள'வும் ஒழுங்கான தமிழ் எழுத்துகள், அவை அடுத்தடுத்து வருவதில் ஒரு தப்பும் இல்லை. நான்கு கருவியும் இந்த இடத்தில் தோற்றன. 'கொ' போன்ற எழுத்துகளின் கதை பரவாயில்லை. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் ஒன்றாகத் தட்டினாலும் யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஒருமைப்படுத்தும் கட்டளை ஒன்றைக் கொடுத்தால் சரியாகிவிடும். அதைச் செய்யாத கோப்புகளில், பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு வரிகளை ஒன்று சிவப்பாகவும் மற்றது பச்சையாகவும் காட்டி ரிவியூ செய்பவரைப் பைத்தியமாக்கும். 'கௌ'வுக்கு அந்த மருந்து கிடையாது. நாங்களே ஒரு சோதனை எழுதினோம்: கொம்புக்குப் பிறகு 'ள' வந்தால் நிறுத்து. முதல் ஓட்டத்தில் அது பிடித்தது 'வெள்ளவத்தை'யை. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, 'ள'வுக்கு மேல் புள்ளியோ அடுத்து வேறு குறியோ இல்லாமல் வெறுமனே நின்றால் மட்டும் எச்சரிக்கும்படி மாற்றினோம். வெள்ளவத்தையும் கெளுத்தி மீனும் தப்பின, கெளரி மாட்டினாள். தானாகத் திருத்தாது; மனிதரைக் கூப்பிடும். கருவி எதுவானாலும் இந்தச் சோதனை எங்களோடு வரும் என்று ஆனதும், கருவி பற்றிய சண்டை பாதி அடங்கியது.

மின்னஞ்சலையும் சொல்லாமல் விட முடியாது. லினக்ஸின் மையமான கேர்னலும் கிட் மென்பொருளும் இன்றைக்கும் திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்பித்தான் ரிவியூ செய்கின்றன. பழைய காலத்து வழி என்று சிரிக்க வேண்டாம். கிட் 2018இல் கொண்டுவந்த 'ரேஞ்ச் டிஃப்' கட்டளை, ஒரு தொடர் திருத்தத்தின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் கொமிட்டுக்குக் கொமிட் ஒப்பிடும். அதாவது இரண்டாவது சுற்றுக்கு அவர்களிடமும் நல்ல பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் இதன் பரம ரசிகர்: ரயிலில் தரவு இல்லாமலே முழு ரிவியூவையும் வாசித்துப் பதில் எழுதி வைக்கலாம் என்பார். உண்மைதான். ஆனால் இருபது வயதுப் பிள்ளைக்கு மின்னஞ்சல் என்பது வங்கியும் பல்கலைக்கழகமும் அறிவித்தல் அனுப்பும் இடம்.

ரிவியூ போர்ட் என்ற பழைய கருவி இன்னும் உயிரோடு இருக்கிறது. கிட் அல்லாமல் சப்வெர்ஷன், பெர்ஃபோர்ஸ் போன்றவற்றில் கோட் வைத்திருப்பவர்கள் பார்க்கலாம். ஃபேஸ்புக்கில் பிறந்த ஃபாப்ரிக்கேட்டர் என்ற ரிவியூக் கருவியின் பராமரிப்பு 2021 ஜூனோடு நின்றது. அதன் பிள்ளை ஃபோர்ஜ் தொடர்கிறது என்றாலும், 2023இல் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் கிட்டீக்கும் கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் கிட்ஹப்புக்கும் இடம் மாறிய பிறகு புதிதாக அங்கே குடியேற எனக்கு மனமில்லை.

மிஞ்சியது கிட்ஹப். இரண்டாவது சுற்று என்ற அளவுகோலில் நான்கில் கடைசி இதுதான். மாணவர் தன் கொமிட்டைத் திருத்தி எழுதிப் பலவந்தமாகத் தள்ளினால், பழைய கருத்துகள் 'காலாவதி' என்று சுருண்டுவிடும். பழையதையும் புதியதையும் ஒப்பிட ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் இடையில் அவர் பிரதான கிளையோடு சேர்த்திருந்தால் மற்றவர்கள் செய்த மாற்றமும் அதில் கலந்து குழம்பும். 2018இல் மைக்ரோசொஃப்ட் 750 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்த தளம்; 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியாவிலுள்ளவர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்திய தளம். ரிவியூக் கருத்துகள் கிட்டுக்குள் இல்லை, அவர்களுடைய தரவுத்தளத்தில். வாசல் அகலம் என்பதால் குப்பையும் வரும்: ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஒக்டோபர் மாதத் திறமூல விழாவின் பரிசுச் சட்டைக்காக 2020இல் ஊர்ப்பட்ட வெற்றுப் புல் ரிக்வெஸ்ட்கள் குவிந்து, விரும்பிய திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று இடைநடுவில் விதியை மாற்ற வேண்டி வந்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் கிட்ஹப்பை எடுத்தோம். ஆறுக்கு ஒன்று, அந்த ஒன்று நான். காரணம் கருவியில் இல்லை, ஊரில் இருக்கிறது. புதியவர்களைத் திறமூலத் திட்டங்களில் சேர்க்கும் கூகுள் சமர் ஒஃப் கோடில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் வருடக்கணக்காக உலக முன்னணியில் நின்ற இடம். கொழும்பில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் பலரினா நிரல்மொழி வளர்வது கிட்ஹப்பில். இங்கே ஒரு கணினி மாணவருக்கு அடையாள அட்டைக்கு அடுத்ததாகக் கிட்ஹப் கணக்கு இருக்கும். புதிதாக ஒன்றும் நிறுவாமல், அட்டை காட்டாமல், உலாவியிலேயே ஒரு பெயரைத் திருத்தி அனுப்பலாம். ரிவியூ செய்பவர் பஸ்ஸிலிருந்தே 'இப்படி மாற்றுங்கள்' என்று சரியான வரியை எழுதி வைக்கலாம். அனுப்பியவர் ஒரு தட்டில் ஏற்றுக்கொள்ளலாம். சின்னத் திருத்தங்களில் இது இரண்டாவது சுற்றையே பாதியாகக் குறைக்கிறது. பொதுத் திட்டங்களுக்குச் சோதனை ஓட்டமும், சம்மதமில்லாமல் பிரதான கிளையில் மெர்ஜ் ஆகாமல் பூட்டும் கிளைப் பாதுகாப்பும் இலவசம்.

பலவீனத்தை விதி போட்டு மூடினோம். ரிவியூ நடக்கும்போது யாரும் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. திருத்தத்தைப் புதிய கொமிட்டாகச் சேர்க்க வேண்டும், அப்போது 'உங்கள் கடைசி ரிவியூவுக்குப் பிறகு வந்தவை' என்று கிட்ஹப்பே பிரித்துக் காட்டும். எத்தனை கொமிட் சேர்ந்தாலும் மெர்ஜ் செய்யும்போது ஒன்றாக நசுக்கிவிடுவோம். சம்மதம் கிடைத்த பிறகு புதிதாக எது வந்தாலும் சம்மதம் இரத்து. கோப்புக்கு உரிமையாளரை எழுதி வைக்கும் வசதியைக் கொண்டு, தமிழ் அட்டவணைகளை ஒரு தமிழரும் சிங்கள அட்டவணைகளை ஒரு சிங்கள நண்பரும் பார்க்காமல் மெர்ஜ் ஆகாது என்று பூட்டினோம். ஒவ்வொரு ஞாயிறும் கருத்துகள் உட்பட எல்லாவற்றையும் இறக்கிப் பிரதி எடுக்கிறோம். கோட்பெர்க்கில் கண்ணாடிக் களஞ்சியம் ஒன்றும், அதாவது அதே கோட்டின் பிரதி, ஓடுகிறது. அது என் பிடிவாதத்துக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு.

செயற்கை நுண்ணறிவு ரிவியூக்காரன் ஒருவனையும் இரண்டு கிழமை வைத்துப் பார்த்தோம். எழுத்துப் பிழை, மறந்த சோதனை எல்லாம் நன்றாகப் பிடித்தான். ஆனால் சிங்கள 'ஸ்ரீ'க்குள் எழுத்துகளை ஒட்டவைக்கும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பியைப் பார்த்து 'தேவையற்ற எழுத்து, நீக்கவும்' என்றான். மாணவர் பணிவாக நீக்கினார். அட்டவணையிலிருந்த ஸ்ரீ எல்லாம் உடைந்து நின்றது. சிங்கள நண்பர் கோபப்படவில்லை. அட்டவணைக் கோப்புகளை மட்டும் அவன் கண்ணுக்கு மறைத்துவிட்டார்.

ஒன்று மட்டும் இன்னும் இழுபறி. யாழ்ப்பாணத்துக்காரர் ஒலி அட்டவணையை ஐந்து படியில் மாற்றி எழுதுகிறார். ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் நிற்கும். கெரிட்டில் இது பிறவிக் குணம். கிட்ஹப்பிலோ இரண்டாவதைத் திருத்தினால் மூன்று, நான்கு, ஐந்து எல்லாவற்றையும் தூக்கி நிமிர்த்த வேண்டும். இப்போதைக்கு ஒன்று மெர்ஜ் ஆன பிறகே அடுத்ததை அனுப்புகிறார். காத்திருக்கும் நேரத்தில் எங்களைத் திட்டுவது வட்ஸ்அப்பில்.